சென்னைக்கு 9 நிமிடம், பம்பாய்க்கு 39: இந்திய நேரம் பிறந்த கதை

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் வானிலை ஆய்வு மையத்தின் பெயர் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் நம் வீடுகளில் ஒலிக்கும். புயல் எங்கே நிற்கிறது, நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டுக் காத்திருப்போம். அந்த வளாகத்துக்குள் 10 டன் எடையுள்ள ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு வானாய்வகம் கட்டியபோது தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நிறுத்தியது. இலத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். இன்று நம் கைபேசியில் ஓடும் மணியின் கதையை இந்தத் தூணடியிலிருந்து தொடங்கலாம்.

அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் தனி நேரம் இருந்தது. சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊருக்குப் பகல் 12. கிழக்கே இருக்கும் ஊருக்கு உச்சிப்பொழுது முந்தி வரும், மேற்கே பிந்தி வரும். பூமியின் மேல் ஒரு பாகை நகர்ந்தால் 4 நிமிடம் வித்தியாசம். நம் பஞ்சாங்கக்காரர்கள் இதை எப்போதுமே அறிந்திருந்தார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, உதயத்திலிருந்து எண்ணிக்கை. உதயம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ராகுகாலத்தையும் ஊர்க்கணக்குப்படி திருத்திப் பார்க்க வேண்டும் என்று நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் இன்றும் சொல்வார்கள். தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் நேரமும் மதுரைக்காரர் ஒருவரின் நேரமும் சில நிமிடம் பிசகியிருந்தால் யாருக்கும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. மாட்டுவண்டியில் போகிறவருக்கு அந்தச் சில நிமிடம் தெரியவும் தெரியாது.

நுங்கம்பாக்கம் ஆய்வகத்தின் முதல் அதிகாரபூர்வ வானியலாளர் ஜான் கோல்டிங்காம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டுச் சொன்னார். அதன்படி சென்னை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. ஆய்வகத்துக் கடிகாரத்தை வைத்து ஜார்ஜ் கோட்டையில் தினமும் இரவு 8 மணிக்குப் பீரங்கி வெடிக்கும். ஊரே அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஊர் என்று சொன்னாலும், கடிகாரம் வைத்திருந்த வீடுகள் மிகச் சில. மற்றவர்களுக்குச் சூரியன் போதுமாக இருந்தது.

ரயில் வந்தபோதுதான் இது கலைந்தது. 1853இல் பம்பாயில் முதல் ரயில், 1856இல் ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுக்கு ரயில். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் எந்த நிலையத்தில் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும் என்பதை நேர அட்டவணை சொல்லும். இரண்டு நிலையங்களின் கடிகாரமும் வெவ்வேறாக ஓடினால் உயிர்ச்சேதம் நேரலாம். ஆகவே ரயில்வேக்கு ஒரே நேரம் தேவைப்பட்டது. பம்பாய் நேரத்தை வைத்தால் கல்கத்தா ஒப்பாது, கல்கத்தா நேரத்தை வைத்தால் பம்பாய் ஒப்பாது. சென்னை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பம்பாயைவிட 30 நிமிடம் முந்தியும் கல்கத்தாவைவிட ஏறத்தாழ 32 நிமிடம் பிந்தியும் ஓடியது. துல்லியமாக நேரம் பார்த்துத் தந்தி வழியே அனுப்ப ஆய்வகமும் இங்கே இருந்தது. 1870 வாக்கில் இந்திய ரயில்வே முழுவதும் சென்னை நேரத்தில் ஓடத் தொடங்கியது. லாகூர் நிலையத்துக் கடிகாரமும் நுங்கம்பாக்கத்து உச்சிப்பொழுதைக் காட்டியது.

இந்தக் கதையில் பின்னால் வரும் ஒவ்வொரு சண்டைக்கும் வித்து இங்கேதான் இருக்கிறது. ரயில் நேரம் மாறியதில் சென்னைக்கு எந்த மாற்றமும் இல்லை. நிலையத்துக் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் ஒன்றே. பம்பாய்க்காரருக்கு இரண்டு நேரம், கல்கத்தாக்காரருக்கு இரண்டு நேரம். வீட்டு நேரத்தை நம்பிப் புறப்பட்டால் பம்பாயில் வண்டி அரைமணிக்கு முன்பே போயிருக்கும், கல்கத்தாவில் அரைமணி காத்திருக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்த ஏற்பாட்டை யார் குறைசொல்லப் போகிறார்கள்?

1881இல் பம்பாய் கவர்னர் ஜேம்ஸ் ஃபெர்குசன் தம் மாகாணம் முழுவதும் அரசு அலுவல்களுக்குச் சென்னை நேரமே என்று உத்தரவு போட்டார். ஊரில் ஒரே கூச்சல். அலுவலகத்து மணி திடீரென்று அரைமணி நேரம் முன்னால் ஓடினால் குமாஸ்தா அரைமணி முன்னால் எழ வேண்டும், அவர் மனைவி அதற்கும் முன்னால் அடுப்பு மூட்ட வேண்டும். இரண்டே ஆண்டில், 1883இல், உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். படித்தவர்களும் வியாபாரிகளும் எதிர்த்ததால் அரசு இறங்கி வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆலைத் தொழிலாளியின் குரல் அப்போது கணக்கில் வரவில்லை.

1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச்சை உலகத்துக்கே மூலரேகையாக வைத்தது. அதற்குப் பின் ஒவ்வொரு நாடும் கிரீன்விச்சிலிருந்து முழு மணியாகவோ அரைமணியாகவோ நேரம் வகுத்துக்கொள்ளத் தொடங்கியது. இந்தியாவுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி என்பது உலகக் கணக்கில் இடித்தது. ஆர். டி. ஓல்ட்ஹாம் என்பவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தார். நிலநடுக்க அலைகளை வைத்துப் பூமிக்குள் ஒரு கரு இருக்கிறது என்று பின்னால் காட்டியவர் அவரே. 1899இல் கல்கத்தா ஆசியக் கழகத்தில் அவர் வைத்த யோசனை இது: நாட்டின் நடுவே 82.5 பாகைத் தீர்க்கரேகையை எடுத்துக்கொள்வோம், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியதாக ஒரே நேரம் வைப்போம். மிர்ஸாபூருக்கு அருகில் போகிற கோடு அது. தெற்கே காக்கிநாடா பக்கமாகக் கடலில் இறங்குகிறது.

அரசு அதை ஏற்றது. முதலில் ரயிலும் தந்தியும், பிறகு 1906 ஜனவரி 1 முதல் பொதுமக்களுக்கும் என்று முடிவாயிற்று. அறிவிப்பு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் அது ஊருக்கு ஊர் வெவ்வேறு எடையில் விழுந்தது.

சென்னை தன் கடிகாரத்தை 9 நிமிடம் முன்னால் தள்ளியது. அவ்வளவுதான். காப்பி ஆறுவதற்குள் முடிந்துபோன மாற்றம். கல்கத்தா ஏறக்குறைய ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், பின்னால் போக வேண்டும். பம்பாய் 39 நிமிடம் முன்னால். கராச்சி ஒரு மணிக்கும் மேல் முன்னால். திப்ருகரைப் போன்ற மேல் அசாம் ஊர்கள் தங்கள் சூரியனிலிருந்து 50 நிமிடம் பின்னால். கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இது சீர்திருத்தமாகத் தெரிந்தது. கோட்டைவிட்டு விலகியிருந்தவர்களுக்கு அவரவர் தொலைவுக்கு ஏற்ற பாரம்.

பம்பாயில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஜனவரியில் பம்பாயில் சூரியன் உதிப்பது புதிய நேரப்படி காலை 7 மணி 10 நிமிடத்துக்கு மேல். பழைய பம்பாய் நேரப்படி அதுவே ஆறரை. பருத்தி ஆலையில் வேலை செய்கிறவர் கையில் கடிகாரம் கிடையாது. ‘சால்’ எனப்படும் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேரோடு படுத்திருப்பவர், ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து ஓடுவார். அந்தச் சங்கை ஊதுவது முதலாளியின் கடிகாரம். 39 நிமிடம் முன்னால் தள்ளினால், நேற்று வரை வெளுக்கும்போது கிளம்பியவர் இன்று கும்மிருட்டில் கிளம்ப வேண்டும். மாலையில் அந்த 39 நிமிடம் திரும்பக் கிடைக்கும் என்று காகிதத்தில் காட்டலாம். ஆனால் அப்போதுதான் பம்பாய் ஆலைகளுக்கு மின்விளக்கு வந்திருந்தது. பொழுது சாய்ந்ததும் தறி நிற்கும் என்ற பழைய பாதுகாப்பு போயிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் வேலை நேரம் நீண்டுகொண்டே போயிற்று என்ற புகார் ஏற்கெனவே இருந்தது. காலையில் வாங்கிக்கொண்டு மாலையில் தருகிறோம் என்றால் தொழிலாளி எப்படி நம்புவார்? துணி ஆலைகளில் வளர்ந்த ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்ற உச்சவரம்பே 1911இல்தான் சட்டமாயிற்று.

1906 ஜனவரி முதல் வாரத்திலேயே பம்பாய்ப் புறநகரில் ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் தறியைத் தொட மறுத்து வெளியே வந்தார்கள். ஆலைகள் மேல் கல் விழுந்தது. எதிர்ப்பு ஊருக்குள்ளும் பரவியது. 15,000 பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நாள் அரசுக் குறிப்புகளும் ஆங்கிலப் பத்திரிகைகளும் இதை அறியாமை என்று எழுதித் தள்ளின. விஞ்ஞானம் புரியாத கூட்டம் கடிகாரத்தோடு சண்டை போடுகிறது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தொழிலாளர்களுக்குக் கணக்கு மிக நன்றாகப் புரிந்திருந்தது. தங்கள் விடியற்காலையிலிருந்து 39 நிமிடம் எடுக்கப்படுகிறது, எடுப்பவர் யார், அது யாருக்குப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மக்களைக் கலந்துகொள்ளாமல் செய்த மாற்றம் என்று பம்பாய் அரசியல் தலைவர் பெரோஸ்ஷா மேத்தா வாதாடினார். பம்பாய் நகராட்சி தன் கடிகாரங்களைப் பம்பாய் நேரத்துக்கே திருப்பிக்கொண்டது. நாடு விடுதலை பெற்று, 1950கள் பிறந்த பின்னும் அந்த நகரில் பம்பாய் நேரம் என்ற வழக்கு உயிரோடு இருந்தது. கல்கத்தாவும் தன் நேரத்தை 1948 வரை விடவில்லை. அங்கே இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1905 அக்டோபரில் வங்கத்தைப் பிரித்திருந்தார்கள். நிலத்தை வெட்டிய கையே மூன்று மாதத்தில் நேரத்தையும் மாற்ற வந்தால் ஊர் எப்படி வரவேற்கும்?

சென்னையில் இப்படி எதுவும் நடக்கவில்லை. 9 நிமிடத்துக்கு யார் ஊர்வலம் போவார்கள்? நம் ஊரில் இந்திய நேரத்துக்கு வரலாறே இல்லாததுபோல் தோன்றுவதற்குக் காரணம் நம் பெருந்தன்மை அன்று, நாம் கோட்டுக்கு அருகில் இருந்ததுதான். அரசு கொண்டுவரும் எந்த மாற்றத்தைப் பற்றியும் “இதில் என்ன கஷ்டம்?” என்று கேட்பவர் எங்கே நின்று கேட்கிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் எண்ணுவது இந்தக் கதையைப் படித்த பிறகுதான்.

இரண்டாம் உலகப்போரில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை நாடு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. போர் முடிந்ததும் பழையபடி ஐந்தரை. விடுதலைக்குப் பின் கராச்சி வேறு நாட்டுக்குப் போனது. மேற்கின் கடைசிப் பாரம் இப்போது குஜராத் கரைக்கு. கிழக்கின் பாரம் அசாமுக்கும், பின்னால் அருணாசலப் பிரதேசம் ஆன மலைப்பகுதிக்கும், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், திரிபுரா, மேகாலயாவுக்கும், அந்தமானுக்கும்.

ஜூன் மாதம் திப்ருகரில் சூரியன் உதிப்பது அதிகாலை நாலேகால் சுமாருக்கு. அதே நாள் துவாரகையில் 6 மணி 10. டிசம்பரில் திப்ருகரில் நாலரைக்கு முன்பே பொழுது அடைந்துவிடும். துவாரகையில் அப்போது மாலை வெயில் அடித்துக்கொண்டிருக்கும், இருட்ட இன்னும் ஒன்றே முக்கால் மணிக்கு மேல் இருக்கிறது. ஆனால் வங்கி திறப்பதும் மத்திய அரசு அலுவலகம் திறப்பதும் இரண்டு ஊரிலும் ஒரே மணிக்கு. அருணாசல முதல்வர் பேமா காண்டு 2017இல் தனி நேரம் கேட்டபோது இதைத்தான் சொன்னார்: கோடையில் 4 மணிக்கு விடிந்துவிடுகிறது, அலுவலகம் திறப்பதோ 10 மணிக்கு. ஆறு மணி நேரப் பகல் வெளிச்சம் சும்மா போகிறது. குளிர்காலத்தில் மாலை வேலை முழுக்க விளக்கு போட்டுக்கொண்டு. அந்த மின்சாரக் கட்டணத்தை டெல்லி கட்டுவதில்லை.

திரிபுராவின் தலைநகர் அகர்தலாவிலிருந்து வங்கதேச எல்லை கூப்பிடு தூரம். எல்லைக்கு அப்பால் மேற்கே டாக்கா. கிழக்கே இருக்கும் அகர்தலாவில்தான் சூரியன் முதலில் உதிக்கும். ஆனால் டாக்காவில் மணி ஏழரை என்றால் அகர்தலாவில் ஏழு. எல்லைச் சாவடியைத் தாண்டி மேற்கே போகிறவர் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ள வேண்டும், சூரியன் சொல்வதற்கு நேர் எதிராக. பூட்டானிலும் அப்படியே, அங்கும் கிரீன்விச்சுக்கு 6 மணி முந்திய நேரம். நேபாளம் ஐந்தே முக்கால். சுற்றியுள்ள சிறிய நாடுகள் எல்லாம் தம் சூரியனுக்கு அருகில் கடிகாரத்தை வைத்துக்கொண்டன. இந்தியாவின் கிழக்குக் கோடி மக்கள் மட்டும் 1,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் மிர்ஸாபூர்ச் சூரியனைப் பார்த்து எழுகிறார்கள்.

கிழக்கில் ஓரிடம் மட்டும் இதற்கு உடன்படவில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்கள். ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் வைத்த ‘பாகான் டைம்’, அதாவது தோட்ட நேரம், இந்திய நேரத்தைவிட ஒரு மணி முந்தியது. நாட்டில் மணி 7 என்றால் தோட்டத்தில் 8. விடிந்ததும் வேலை தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடலாம். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதற்கு இடம் தருவதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டு, இன்றும் பல தோட்டங்களில் அது நடப்பில் இருக்கிறது.

இதைக் கேட்டவுடன் “பார்த்தீர்களா, முதலாளி புத்திசாலி, சூரியனுக்குத் தக்கபடி நடந்துகொண்டான்” என்று சொல்லத் தோன்றும். நானும் தோட்ட நேரம் நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அது யாருக்காக ஏற்பட்டது என்பதை மறக்கக் கூடாது. சோட்டா நாக்பூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தெலுங்குப் பகுதிகளிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அங்கே கொழுந்து பறிப்பவர்கள். பெரும்பாலும் பெண்கள். பகல் வெளிச்சம் முழுவதும் கொழுந்து எடைக்குப் போக வேண்டும் என்பதற்காக முதலாளி வைத்த மணி அது. ரேஷன் கடை, மருத்துவமனை, பிள்ளையின் அரசுப் பள்ளி, டவுனுக்குப் போகும் பஸ் எல்லாம் இந்திய நேரத்தில். தாய் தோட்ட நேரத்தில் எழுந்து கூடையை எடுக்கிறாள், பிள்ளை இந்திய நேரத்தில் பள்ளிக்குப் போகிறது. ஒரே தோட்டக் குடியிருப்பு வீட்டுக்குள் இரண்டு கடிகாரம். நடுவில் விழும் அந்த ஒரு மணி நேரத்துக்கு, பிள்ளையைச் சாப்பிட வைத்து அனுப்புவது யார் என்ற கேள்விக்கு, எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை.

அசாமியத் திரைப்பட இயக்குநர் ஜானு பருவா பல ஆண்டுகளாகத் தனி நேர மண்டலம் கேட்டு வாதாடி வருகிறார். 2014 ஜனவரியில் அன்றைய அசாம் முதல்வர் தருண் கோகோய், மாநிலம் முழுவதும் தோட்ட நேரத்துக்கு மாறும் என்று அறிவித்தார். நடக்கவில்லை. 2017இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தில் தனி நேரம் கேட்டுப் போட்ட பொதுநல மனு தள்ளுபடியாயிற்று.

மேற்கே என்ன நிலைமை? அங்கே பாரம் வேறு உருவத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. மௌலிக் ஜக்நானி என்ற பொருளியலாளர் ஆராய்ந்து சொன்னது என்னை இன்னும் உறுத்துகிறது. பள்ளி மணி எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒரே நேரத்துக்கு அடிக்கிறது. ஆனால் பொழுது சாய்வது மேற்கே பிந்துகிறது. சூரியன் பிந்தி மறைந்தால் பிள்ளைகள் பிந்தித் தூங்குகின்றன, காலையில் எழுவது மட்டும் பிந்துவதில்லை. சூரிய அத்தமனம் ஒரு மணி பிந்தினால் பிள்ளையின் தூக்கம் அரைமணி குறைகிறது. அப்படிப்பட்ட இடங்களில் பிள்ளைகள் படிக்கும் மொத்தக் காலம் சராசரியாக 0.8 ஆண்டு குறைகிறது. ஏழை வீடுகளில்தான் அடி பலம். அதற்குப் பெரிய ஆராய்ச்சிகூட வேண்டாம், வசதியுள்ள வீட்டில் பிள்ளைக்குத் தனி அறை, திரைச்சீலை, மின்விசிறி. தகரக் கூரை வீட்டில் வெக்கை தணிந்து தெரு அடங்கிய பிறகுதான் பாய் விரிக்க முடியும். 1906இல் பம்பாய்ச் சாலில் இழந்த விடியற்காலைத் தூக்கத்தைப் பற்றி எழுதும்போது இந்த ஆய்வு நினைவுக்கு வராமல் இருக்காது.

தமிழர்கள் இந்த அரைமணிச் சண்டையை நேரில் கண்ட இடம் இலங்கை. அங்கும் 1906இலிருந்து ஐந்தரை மணி நேரமே நடப்பில் இருந்தது. 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் வறண்டதும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மே மாதம் கொழும்பு அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியது. அக்டோபரில் அதை அரைமணியாகக் குறைத்தது. 2006 ஏப்ரல் வரை அதுவே நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. வன்னியில் பழைய நேரம், வவுனியாவில் புதிய நேரம். கண்டி வீதியில் ஓமந்தைச் சாவடியைத் தாண்டினால் மணி அரைமணி மாறும். புதிய நேரத்தில் இருந்த தெற்குப் பகுதிகளிலும் பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது என்று பெற்றோர் பத்து ஆண்டாக முறையிட்டார்கள். கொழும்பில் மிச்சமான மின்சாரத்துக்கு அதிகாலை இருட்டில் பஸ்ஸுக்கு நின்ற கிராமத்துப் பிள்ளை கொடுத்த விலை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 2006 சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பழைய நேரம் திரும்பியது. தீவில் மீண்டும் ஒரே மணி. அந்த ஆண்டே போரும் மறுபடி மூண்டது.

இந்தியாவில் இதைத் தீர்க்க இரண்டு யோசனைகள் உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த திலீப் அகுஜாவும் டி. பி. சென் குப்தாவும், நாடு முழுவதையும் அரைமணி முன்னால் தள்ளி, கிரீன்விச்சுக்கு 6 மணி முந்தியதாக்கினால் ஆண்டுக்குச் சுமார் 270 கோடி யூனிட் மின்சாரம் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். கிழக்குக்கு இது நன்மைதான். ஆனால் துவாரகையை நினைத்துப் பாருங்கள். டிசம்பரில் அங்கே விடியும்போது மணி ஏறக்குறைய 8 ஆகிவிடும். அத்தமனமும் அரைமணி பிந்தும். ஜக்நானியின் ஆய்வு சொல்லும் அந்தப் பிள்ளையின் தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் போகும். நாட்டுக்கு மொத்தமாக லாபம் என்று காட்டும் ஒரு கூட்டுத்தொகைக்குள் யாருடைய நஷ்டம் புதைந்திருக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டாமல் இப்படிப்பட்ட திட்டங்களைப் பேசுவதை நான் ஒப்பவில்லை.

மற்றொன்று இரண்டு நேர மண்டலம். நாட்டின் நேரத்தைக் காக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமே 2018இல் இதை முன்வைத்தது. அசாமுக்கும் மேற்கு வங்கத்துக்கும் நடுவே நாடு குறுகலாக இருக்கும் இடத்தில் கோடு போடலாம், அதற்குக் கிழக்கே ஒரு மணி முந்திய நேரம். பலரும் சொல்லும் ஆட்சேபம் ரயில் விபத்து. எல்லையில் கடிகாரம் மாற்ற ஒருவர் மறந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் அவர்கள் பதில் வைத்திருந்தார்கள்: அந்தக் குறுகலான இடத்தில் பெரிய நிலையம் இரண்டே, நியூ கூச் பெஹாரும் அலிபூர்துவாரும். அங்கே மட்டும் கவனம் எடுத்தால் போதும். 150 ஆண்டுக்கு முன் ஒரே நேரம் கேட்ட ரயிலின் பெயரைச் சொல்லியே இன்றும் கிழக்குக்குத் தனி நேரம் மறுக்கப்படுகிறது. இன்னொரு நேரம் வந்தால் நாட்டின் ஒற்றுமைக்கு ஊறு என்று பேசுபவர்களும் உண்டு. ரஷ்யாவில் 11 நேர மண்டலம், இந்தோனேசியாவில் மூன்று. ஒற்றுமை கடிகாரத்தில் இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை.

மண்டலம் பிரிக்க அரசுக்கு மனமில்லை என்றால்கூட ஒரு காரியம் இன்றே செய்யலாம். பள்ளி, அலுவலகம், வங்கி திறக்கும் நேரத்தை அந்தந்த ஊரின் விடியலுக்குத் தக்கபடி வைக்கலாம். இதற்கு மூலரேகையைத் தொட வேண்டாம். குஜராத் கரையில் பள்ளி மணியைப் பிந்தி அடிக்கலாம், அருணாசலத்தில் முந்தி அடிக்கலாம். அந்தமானில் டிசம்பரில் மாலை 5 மணி சுமாருக்கே பொழுது அடைந்துவிடுகிறது. அங்கே குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் மாலை விளையாட்டு என்பதே பிள்ளைகளுக்கு எவ்வளவு குறுகிப்போகிறது என்று சொல்வார்கள்.

2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு வரைவு விதியை வெளியிட்டது. சட்டம், வணிகம், நிர்வாகம் எல்லாவற்றுக்கும் இந்திய நேரம் ஒன்றே, வேறெந்த நேரத்தையும் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். வங்கிக் கணினிகளும் தொலைத்தொடர்பும் நொடிகூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்பதால் அதற்கு நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. வானியலுக்கும் கப்பல், விமானப் போக்குவரத்துக்கும் அறிவியல் ஆராய்ச்சிக்கும் முன் அனுமதியோடு விலக்கு உண்டு என்றும் வரைவு சொன்னது. அசாம் தோட்ட நேரத்துக்கு அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. எழுத வேண்டும். அதோடு நிற்காமல், தோட்டத்துப் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் மருத்துவமனைக்கும் அந்த நேரத்தையே வைக்க மாநில அரசு உத்தரவிட வேண்டும். கூடை தூக்கும் தாயும் பை தூக்கும் பிள்ளையும் ஒரே நேரத்துக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப அது போதும்.